பதின்மூன்று யூனிட்

இட்டமொழி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால்
முதலில் ஆர்ச்.
இரண்டு சிமெண்ட் யானை, ஒன்றுக்குத் தும்பிக்கை இல்லை.
மேலே 'கோல்டன் சிட்டி, பகுதி இரண்டு'.
பகுதி ஒன்று எங்கே என்று
இந்த ஆறு வருசத்தில் யாரும் கேட்டதில்லை.

ஆர்ச்சுக்கு அந்தப்பக்கம் தேரி.
சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு.
பள்ளிக்கூடச் சட்டையை ஒரு முக்கு முக்கினால்
வாளித்தண்ணீர் காவி கட்டிக்கொள்ளும்.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுக்கிறவள்.
முந்தின ஆடிக்குத் தொண்ணூறு மீட்டர்,
போன ஆடிக்கு இருநூற்று நாற்பது,
இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு.
கல் நட்ட மறுமாதம் கம்பம்,
கம்பம் நட்ட மறுமாதம் வீடு,
வீடு முடிந்த மறுநாள் பூட்டு.

காற்றடித்தால் கல்லெல்லாம் மூடிப்போகும்.
சர்வேயர் ஆறுமுகநயினார் நாடாவும் மண்வெட்டியுமாக அலைவார்,
"நூத்திப்பதினாலு இங்கனதான கிடந்துச்சு" என்று,
மாட்டைத் தொலைத்தவர் மாதிரி.

தெருவுக்கெல்லாம் பூப்பெயர்.
மல்லிகைத் தெருவில் எட்டுக் கொல்லாமரத்துக் கட்டை.
தாமரைத் தெருவில் தண்ணீர் லாரி,
செவ்வாயும் சனியும்.
லிங்கதுரை ஆரன் அடித்தால்
உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடவேண்டும்.
நாராயணவடிவு மட்டும் ஓடமாட்டாள்.
குடத்தில் விழும் சத்தத்தை வைத்தே
எத்தனை கை குறைவென்று சொல்லிவிடுவாள்.
அவளுக்கு லிங்கதுரை முதலில் ஊற்றிவிடுவான், தலைகுனிந்து.

நானும் இங்கேதான்.
அல்லித் தெரு, மனை எண்பத்தேழு, கடன் இன்னும் பதினோரு வருசம்.
காலையில் வாரியலை எடுத்தால்
வாசற்படியில் ஒரு முறம் மணல்,
கட்டிலுக்கடியில் அரை முறம்,
ராத்திரி யாரோ அளந்து போட்டதுபோல.
வங்கிக்காரனுக்கு மாதம் ஐந்தாம் தேதி.
தேரிக்குத் தினமும்.

மீட்டரைப் பார்த்தால் வீடு தெரியும்.
நானூறைத் தாண்டினால் புதுமருமகள், ஏசி.
சட்டென்று அறுபதுக்கு விழுந்தால்
யாரோ போயிருக்கிறார்கள், அல்லது
போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.
சுழியென்றால் மஸ்கட்.
எங்கள் நகரில் சுழி ஜாஸ்தி.

ரோஜாத் தெருக் கடைசிவீடு பொன்ரத்தினத்துடையது.
பால் காய்ச்சின அன்றைக்கு முந்நூறு இலை விழுந்தது.
மூன்றாம் நாள் பிளேன்.
அதிலிருந்து இரண்டு வருசமாய்
எப்போது போனாலும் பதின்மூன்று.
மின்வெட்டுக் காலத்தில் பன்னிரண்டு.
நூறுக்குள் காசு கிடையாது,
அதனால் கேட்கவும் ஆள் கிடையாது.
எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

ஒருநாள் நடுராத்திரி எழுந்து
பழைய பில்லின் முதுகில் பெருக்கிப் பார்த்தேன்.
ஒன்பது வாட். இருபத்துநாலு மணி. அறுபது நாள்.
பல்பு.
ஒற்றைப் பல்பு.

மறுதடவை போனபோது ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன்.
அடுக்களையில் எரிந்துகொண்டிருந்தது.
கதவுக்கடியில் நுழைந்த மணல்
கேஸ் மேடைவரை ஏறி, மடிப்பு மடிப்பாய்,
சின்னத் தேரியாக உட்கார்ந்திருந்தது.
சுவரில் ஏழெட்டுப் பல்லி.
வெளிச்சத்துக்கு வரும் பூச்சியில் கொழுத்து,
குடிவந்த களையோடு.

விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்கு அடித்தேன்.
"பீஸைப் பிடுங்கிரட்டுமா தம்பி?"
அந்தப்பக்கம் ஏதோ லாரி பின்னால் வருகிற கீச்சுச் சத்தம்.
"இங்கயும் மண்ணுதாங்க்கா, மஞ்ச மண்ணு" என்றான், கேட்காததற்கு.
அப்புறம்,
"எந்த ரூமுல எரியுது?"
"அடுக்களையில."
லாரி நிற்கும்வரை ஒன்றும் பேசவில்லை.
"அப்ப கிடக்கட்டும்."

மணலைப்பற்றி நான் சொல்லவில்லை.

வெள்ளை அட்டையில் பதின்மூன்று என்று எழுதிவிட்டு
அடுத்த மனைக்கு நடந்தேன்.
போன மாதம் மாட்டின மீட்டர்,
மேலே ஒட்டின தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.
ஆள் யாரும் வரவில்லை.
மணல் அதற்குள் இரண்டு படி ஏறியிருந்தது.